வீட்டுக்கு வீடு

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. எங்க இருந்து ஆரம்பிக்கறதுன்னு தெரியல. சரி, அம்மாவோட முழங்கால்ல இருந்து ஆரம்பிக்கிறேன்.

எங்க வீடு செம்பட்டியில மெயின் ரோட்டு மேல. திண்டுக்கல், வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம், நிலக்கோட்டைன்னு நாலு பக்கமும் பஸ் பிரியிற ஊர். ராத்திரி 2 மணிக்கும் ஏதாவது ஒரு டிரைவர் ஏர் ஹார்னை அழுத்திட்டுத்தான் திரும்புவார். எங்களுக்கு அது தாலாட்டு மாதிரி பழகிடுச்சு. கீழே ரெண்டு கடை, மேல நாங்க. அப்பா 1994-ல கட்டினது. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே இருந்த வீடு. மேல ஏற 19 படி. அம்மாவுக்கு ரெண்டு முழங்காலும் தேஞ்சு போச்சுன்னு டாக்டர் சொன்னதுக்கு அப்புறம் அந்த 19 படிதான் வீட்டுல ஒரே பேச்சு. கோயிலுக்குப் போறதே நின்னு போச்சு. காய்கறிக்காரர் வந்தா மேல இருந்து கயித்துல கூடையை விடுவாங்க.

கீழே ஒரு கடையில ஹார்டுவேர் வச்சிருக்கற மாமா 14 வருஷமா எங்க வாடகைதாரர். சொந்தக்காரர் இல்ல, ஆனா அம்மாவை அக்கான்னும் அப்பாவை மச்சான்னும் கூப்பிட்டு, நான் மாப்ள ஆகி, அது அப்படியே நிலைச்சுடுச்சு. அவருக்கு ஆத்தூர் போற ரோட்டுப் பக்கம் உள்ளடங்கி ஒரு தரைவீடு. சுத்தி இடம், ரெண்டு தென்னை, ஒரு போர். போன வருஷம் பங்குனியில ஒருநாள் சாயங்காலம் டீ குடிக்க மேல வந்தவர் சட்டுனு சொன்னார். "மச்சான், அக்கா படியேறி கஷ்டப்படுது. எனக்கும் கடைய பெருசாக்கணும். பேசாம வீட்ட மாத்திக்குவமா?"

அப்பா ரெண்டு நிமிஷம் யோசிச்சிருப்பார். "சரிய்யா"ன்னுட்டார். ரோட்டு மேல இருக்கறதால எங்க வீட்டுக்கு விலை கூட. அதனால மாமா மேற்கொண்டு 6 லட்சம் தர்றதா பேச்சு. வெத்தலை பாக்கு கூட மாத்திக்கல. வாய் வார்த்தைதான். எனக்கு போன் வந்தப்போ எல்லாம் முடிஞ்சிருந்தது.

நான் சென்னையில பொட்டி தட்டுற ஆளு. எங்க வேலையில யார் எழுதின கோடா இருந்தாலும் இன்னொருத்தர் பாத்து சரின்னு சொல்லாம உள்ள போகாது. அந்தப் பழக்கத்துல, "அப்பா, வீட்ட ஒரு இன்ஜினியர வச்சுப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்"னேன். அப்பாவுக்கு கோவம் வந்துடுச்சு. கணக்கு வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவர். கோவம் வந்தா சத்தம் போட மாட்டார், வாக்கியம் சின்னதாயிடும். "பதினாலு வருஷம். ஒரு மாசம் வாடகை தவறல. அவன் வீட்ட சுத்தியல் வச்சுத் தட்டச் சொல்றியா?"

இதுக்கு என்ன பதில் சொல்றது? நியாயமாத்தான் பட்டது. ஆனா மாமா நல்லவர்ங்கறதுக்கும் அவர் வீட்டு காங்கிரீட் நல்லதுங்கறதுக்கும் சம்பந்தமில்லையே. பொண்ணு பாக்கப் போனா மட்டும் ஊரெல்லாம் விசாரிக்கிறோம் :-)

அந்த ஒரு வாரம் ராத்திரி உட்கார்ந்து படிச்சேன். வீட்டுக்கு வீடு மாத்திக்கறதுக்கு நம்ம ஊர்ல பரிவர்த்தனைப் பத்திரம்னு பேரு. 1882-ஆம் வருஷத்து சொத்துரிமை மாற்றுச் சட்டத்துல 118-ல இருந்து 121 வரைக்கும் நாலே நாலு பிரிவு. வெறும் காசுக்கு வித்தா விற்பனை, பொருளுக்குப் பொருள் கைமாறினா பரிவர்த்தனை. ஆனா அதையும் விற்பனை மாதிரியேதான் எழுதிப் பதியணும், வாய் வார்த்தை செல்லாது. முத்திரைத் தீர்வையில ஒரு லாபம் இருக்கு. ரெண்டு சொத்துல எது மதிப்பு அதிகமோ அதுக்கு மட்டும் கட்டினா போதும். தமிழ்நாட்டுல முத்திரை 7 சதவீதம். பதிவுக் கட்டணம் 4 சதவீதமா இருந்ததை 2023-ல 2 ஆக்கினாங்க. ஆக 9. வழிகாட்டி மதிப்புப்படி கட்டடத்தையும் சேர்த்து எங்களோடது 34 லட்சம், மாமாவோடது 27 லட்சம் வந்தது. பரிவர்த்தனைன்னா 34-க்கு மட்டும் 9 சதவீதம், 3 லட்சத்து 6 ஆயிரம். அதையே ரெண்டு கிரயப் பத்திரமா போட்டிருந்தா இன்னொரு 2 லட்சத்து 43 ஆயிரம் தண்டம். (காசு கைமாறலைன்னாலும் வருமான வரிக்கு இதுவும் கைமாற்றம்தான். மூலதன ஆதாயக் கணக்கை ஆடிட்டர்கிட்ட முதல்லயே கேட்டுக்கங்க. நாங்க கடைசியில போய் கேட்டு வாங்கிக் கட்டிக்கிட்டோம்.)

எனக்குத் தூக்கம் போனது 120-ஆம் பிரிவு படிச்சப்போ. மாத்திக்கிற ரெண்டு பேரும், குடுக்கற சொத்துக்கு விக்கிறவனோட பொறுப்பும், வாங்கற சொத்துக்கு வாங்கறவனோட பொறுப்பும் உடையவங்கன்னு இருக்கு. விக்கிறவனோட பொறுப்பு என்னன்னா 55-ஆம் பிரிவு. தனக்குத் தெரிஞ்சு, வாங்கறவனுக்குத் தெரியாம, சாதாரணமாப் பாத்தா கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறை சொத்துல இருந்தா அதை அவன் சொல்லியாகணும். சொல்லாம விட்டா அது மோசடி. ஆனா சாதாரணமாப் பாத்தாலே தெரிஞ்சிருக்கக்கூடிய குறைன்னா வாங்கறவன் தலையெழுத்து. அபார்ட்மெண்ட் வாங்கினா ரெரா சட்டத்துல கட்டமைப்புக் குறைக்கு கட்டினவங்க 5 வருஷம் பொறுப்பு. தனி ஆளுங்க பழைய வீட்டை மாத்திக்கும்போது அந்தப் பாதுகாப்பும் கிடையாது.

இதைப் படிக்கும்போது என் மண்டைக்குள்ள ஓடினது முழுக்க மாமா வீடுதான். எங்க வீடு ஞாபகத்துக்கே வரல. அதான் இந்தக் கதையில எனக்கு இன்னமும் உறுத்தறது.

அப்பாவை ஒருவழியா அம்மாதான் சம்மதிக்க வச்சாங்க. "ஆடி மாசம் எப்படியும் வீடு மாறப் போறதில்ல. அதுக்குள்ள பாத்துட்டுப் போகட்டுமே, பாத்தா தேஞ்சா போயிரும்?" மாமாகிட்ட நானே போய் தயங்கித் தயங்கி சொன்னேன். அவர் சிரிச்சுட்டார். "தாராளமா பாரு மாப்ள. ஆணி விக்கிறவன்யா நான், எனக்குத் தெரியாதா? நானும் உங்க வீட்டப் பாக்கணும்ல. ஒரே இன்ஜினியரு ரெண்டையும் பாக்கட்டும், பீஸ் ஆளுக்குப் பாதி."

அமெரிக்காவுல இதுக்குன்னே ஆளுங்க இருக்காங்க. வீட்டு ஆய்வாளர்களுக்கு 1976-லயே ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. வீடு வாங்கற ஒப்பந்தத்துலயே, ஆய்வுல குறை வந்தா பின்வாங்கிக்கலாம்னு ஒரு ஷரத்து போட்டுக்கறது அங்க சகஜம். நம்ம ஊர்ல வீட்டு ஆய்வுன்னு தனி லைசென்ஸ் எல்லாம் இல்ல. பேங்க் அனுப்பற மதிப்பீட்டாளர் விலையைத்தான் பார்ப்பார், செவுத்தை இல்ல. திண்டுக்கல்ல சிவில் பண்ற என் காலேஜ் சீனியர் ஒருத்தரைப் பிடிச்சேன். அண்ணன்னே வச்சுக்குவோம்.

முதல்ல மாமா வீடு. அண்ணன் கொண்டு வந்தது ஒரு சின்ன சுத்தியல், தூக்குக்குண்டு, டார்ச், ஒரு ரீபவுண்ட் ஹேமர், அப்புறம் ஒரு பழைய நோட்டு. நான் அந்த ஹேமரைப் பாத்து வாய பொளந்தேன். அண்ணன், "ரொம்ப நம்பாத. இது மேல்பக்கத்தோட கடினத்தத்தான் சொல்லும். இத வச்சு பலத்தக் கணக்குப் போட்டா 25 சதவீதம் கூடக் குறைய இருக்கும்"னார். அவர் அதிகம் நம்பினது காதைத்தான். பூச்சை சுத்தியலால தட்டிக்கிட்டே நடந்தார். கெட்டியா இருந்தா டக்குனு ஒரு சத்தம், பொருமியிருந்தா தேங்காய் முத்தலைத் தட்டற மாதிரி வேற சத்தம். அரை மணி நேரத்துல எனக்கே வித்தியாசம் பிடிபட்டுச்சு.

சமையல்கட்டு ஜன்னல் மூலையில இருந்து குறுக்கா ஒரு விரிசல். நேரா மேலயும் கீழயும் ஓடற விரிசலை விட, இப்படி மூலையில இருந்து சாய்வா ஓடறது அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கினதுக்கு அடையாளமா இருக்கலாமாம். அந்த இடம் முன்னாடி வயக்காடு, களிமண்ணு. மழையில உப்பும், கோடையில சுருங்கும். இறங்கி முடிஞ்சிருச்சா, இன்னும் இறங்குதான்னு தெரிஞ்சாதான் பேச முடியும். அதுக்கு அண்ணன் பண்ணின வேலை ரொம்ப சிம்பிள். ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை விரிசலுக்குக் குறுக்க ரெண்டு பக்கமும் ஒட்டி, பக்கத்துல தேதி எழுதினார். செவுரு நகர்ந்தா கண்ணாடி உடைஞ்சிரும். அவ்வளவுதான்.

மொட்டை மாடியில தண்ணி கட்டிப் பாத்தோம். மழைத்தண்ணி போற ஓட்டையை எல்லாம் துணி வச்சு அடைச்சு, ரெண்டு இஞ்ச் உசரத்துக்கு தண்ணி விட்டு ஒரு முழுநாள் அப்படியே. ஏன்னா நம்ம பக்கம் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையிலதான். வெயில் காலத்துல எல்லா வீட்டு கூரையும் நல்ல கூரைதான். மாமா வீட்டுல ஒரு சொட்டு ஒழுகல. அவர் மொகத்துல பெருமை தாங்கல.

போர் தண்ணியை குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துல குடுத்தோம். திண்டுக்கல் மாவட்டத்துல பல இடத்துல நிலத்தடித் தண்ணியில ஃப்ளோரைடு இருக்கறது பழைய கதை. ஐ.எஸ். 10500-ன்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் நல்லது, வேற வழியில்லைன்னா 1.5 வரைக்கும். மாமா போர்ல 1.8 வந்தது. காய்ச்சினா போகாது இது, தண்ணி வத்தினா இன்னும் கூடத்தான் செய்யும். அதுபோக கழிவு உறிஞ்சு குழிக்கும் போருக்கும் 18 மீட்டராவது இருக்கணும்ங்கறது விதி. அங்க 11 தான் இருந்துச்சு. துவைக்க, குளிக்க மட்டும் போர், குடிக்க பைப் தண்ணின்னு அம்மா உடனே தீர்ப்பு சொல்லிட்டாங்க.

பேப்பர் பக்கம் நான் பாத்தேன். வில்லங்கம் பதிவுத்துறை வெப்சைட்லயே பாக்கலாம். பட்டா, சிட்டா, புலப்படம் எல்லாம் எடுத்து டேப் பிடிச்சு அளந்ததுல, மாமா வீட்டு காம்பவுண்டு சுவர் ஒரு அடி சந்துக்குள்ள போயிருந்துச்சு. "அது கொத்தனாரு நூல் பிடிச்ச லட்சணம் மாப்ள"ன்னார். அந்த ஒரு அடியை பத்திரத்துல சேர்க்கக் கூடாது, என்னைக்காவது இடிக்கச் சொன்னா இடிக்கணும். அசல் பத்திரத்தைக் கையில வாங்கிப் பாத்தேன். வில்லங்கத்துல வராம, பத்திரத்தை யார்கிட்டயாவது வச்சுக் கைமாத்து வாங்கியிருந்தா நமக்குத் தெரியாது. அதுக்கு இதைத் தவிர வேற வழியில்ல.

அடுத்த ஞாயித்துக்கிழமை எங்க வீடு.

அண்ணன் முன் ரூம், ஹால் எல்லாம் தட்டிக்கிட்டே வந்து பின் ரூமுக்குள்ள நுழைஞ்சார். என்னோட ரூம். மேல பால்ஸ் சீலிங். நிமிர்ந்து பாத்துட்டு, "இதை ஒரு இடத்துல கழட்டலாமா?"ன்னார். அப்பா அவசரமா, "அது அழகுக்குப் போட்டது தம்பி. மேல ஒண்ணும் இல்ல"ன்னார்.

எனக்கு அப்பதான் ஞாபகம் வந்துச்சு. 2009. நான் ஏழாவது படிச்சுக்கிட்டிருந்தேன். ஒரு மழை ராத்திரி சாப்பிடப் போயிருந்த நேரத்துல என் மேஜை மேல கூரையில இருந்து ஒரு பெரிய பத்தை விழுந்துச்சு. ஜாமெட்ரி பாக்ஸ் நசுங்கிப் போச்சு. மேல பாத்தா துருப்பிடிச்ச கம்பி விலா எலும்பு மாதிரி தெரிஞ்சுது. சரியா அந்த ரூமுக்கு மேலதான் தண்ணித் தொட்டி. அப்பா ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டு சிமெண்டு வச்சுப் பூசினார். ரெண்டு வருஷம் கழிச்சு மறுபடியும் ஊதிக்கிட்டு வந்தப்போ பால்ஸ் சீலிங் போட்டார். பெரியம்மா வந்தப்போ "அடேங்கப்பா, ஏசி ஓட்டல் மாதிரி இருக்கே"ன்னாங்க. நாங்களும் அப்படியே நம்பிட்டோம்.

அண்ணன் ஒண்ணும் வற்புறுத்தல. "சரி சார், அடுத்த வாரம் வந்து மீதியப் பாத்துக்கறேன்"னு கிளம்பிட்டார். போகும்போது என்னை மட்டும் ஒரு பார்வை பாத்தார்.

அன்னைக்கு ராத்திரி நானும் அப்பாவும் மாடியில உட்கார்ந்திருந்தோம். கீழே கடைசி வத்தலக்குண்டு பஸ்ஸுக்கு ஆளுங்க நின்னுக்கிட்டிருந்தாங்க. நான்தான் ஆரம்பிச்சேன். "அப்பா, பின் ரூம்..."

"கேட்டா சொல்லுவேன்."

"கேட்டாங்களேப்பா."

கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னார், "அவன் என்கிட்ட ஒரு தடவையும் வாடகை பாக்கி வச்சதில்லடா. அவன்கிட்டப் போய் என் வீட்டுக் கூரை உளுத்துப் போச்சுன்னு எப்படிச் சொல்ல? 94-ல பி.எப். லோன் போட்டு, ஒவ்வொரு மூட்டையா நின்னு கலக்கினது." அப்பதான் புரிஞ்சது. அவர் மாமாவை ஏமாத்த நினைக்கல. அந்தக் கூரையைப் பத்தி தனக்குத் தானே கூட அவர் சொல்லிக்கல. மாமா வீட்டைத் தட்டக்கூடாதுன்னு கோவப்பட்டது எதுக்குன்னும் கொஞ்சம் புரிஞ்சது. நான் 55-ஆம் பிரிவை எல்லாம் சொல்ல வாயெடுத்தேன். சொல்லல. பெத்தவர்கிட்ட போய் மோசடிங்கற வார்த்தையை எப்படிச் சொல்றது? "மாமா பேரன் அந்த ரூம்லதான்பா படுப்பான்"னு மட்டும் சொன்னேன்.

அவர் எந்திரிச்சுப் போய்ப் படுத்துட்டார்.

அடுத்த ஞாயித்துக்கிழமை காலையில டொக்கு டொக்குனு சத்தம் கேட்டு முழிச்சேன். அப்பா ஸ்டூல் போட்டு ஏறி, ஸ்க்ரூ டிரைவரை வச்சு பால்ஸ் சீலிங் லைட்டைக் கழட்டிக்கிட்டிருந்தார். 66 வயசு. நான் ஓடிப் போய் ஸ்டூலைப் பிடிச்சேன். ரெண்டு பலகை எடுத்ததும் மேல இருந்து துருத்தூளா கொட்டுச்சு, ரெண்டு பேர் தலையிலயும். 10 மணிக்கு அண்ணனும் மாமாவும் வந்தப்போ அந்த ஓட்டை அப்படியே திறந்திருந்தது. அப்பா மாமாகிட்ட, "இங்க பாருய்யா. 2009-ல விழுந்துச்சு. ரெண்டு தடவ மூடினேன்"ன்னார். மாமா டார்ச் அடிச்சு ரொம்ப நேரம் பாத்தார்.

அண்ணன் ஒரு சின்ன இடத்துல காங்கிரீட்டை உடைச்சு பினாப்தலீன் தெளிச்சார். ஆமா, ஸ்கூல் கெமிஸ்ட்ரி லேப்ல பாத்த அதே பினாப்தலீன். நல்ல காங்கிரீட் காரத்தன்மை உள்ளது, அதனால ரோஸ் கலராகும். காத்துல இருக்கற கரியமில வாயு உள்ள ஊறி அந்தக் காரம் போயிருந்தா கலர் வராது, கம்பிக்கு இருந்த பாதுகாப்பும் போச்சுன்னு அர்த்தம். கம்பிக்கு வெளிய 20 மில்லிமீட்டராவது காங்கிரீட் இருந்திருக்கணும். இங்க பல இடத்துல 10 கூட இல்ல. தொட்டித் தண்ணி கசிவு வேற. கம்பி துருப்பிடிச்சா ஊதும், இரும்பை விட துரு அடைக்கிற இடம் பல மடங்கு. அந்த ஊதல்தான் பத்தையைத் தள்ளிவிடுது. மேல மேல பூசறதுல பிரயோசனமே இல்ல, உள்ள அது பாட்டுக்கு வேலை பாத்துக்கிட்டிருக்கும். பின் ரூம்ல கம்பி பளிச்சுனு தெரியற வரைக்கும் கொத்தி, துரு எடுத்து, கரைஞ்ச கம்பிக்குப் பக்கத்துல புதுக் கம்பி சேர்த்து, தொட்டியை வேற இடத்துக்கு மாத்தணும்னார். ஹால், முன் ரூம் எல்லாம் ரோஸ் கலர் வந்துச்சு. எனக்கு உயிரும் வந்துச்சு.

செலவு 2 லட்சத்து 60 ஆயிரம்னு எஸ்டிமேட்.

அப்பா, "6 லட்சத்துல இதக் கழிச்சுக்க"ன்னார். மாமா, "என் வீட்டுலயும் விரிசல் இருக்கு மச்சான், பாதிப் பாதி போட்டுக்கலாம்"னார். அப்பா ஒத்துக்கவே இல்ல. ஒருத்தருக்கொருத்தர் தள்ளிவிடற இந்த ஏலத்தை அம்மா உள்ள இருந்து கேட்டுக்கிட்டே இருந்துட்டு, "மூணரை குடு, முடிஞ்சிருச்சு. வந்து சாப்பிடுங்க"ன்னாங்க. மூணரையே ஆச்சு. அந்த வித்தியாசத் தொகை, பின் ரூம் கூரை, ஜன்னல் விரிசல், ஒரு அடி சுவர், ஃப்ளோரைடு எல்லாத்தையும் ஒரு ஒப்பந்தமா எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாங்க. தொகையை பத்திரத்துலயும் எழுதினோம். ஆவணி மூணாவது வாரம் பதிவு. சார்பதிவாளர் ஆபீஸ்ல கைரேகை வைக்கும்போது மாமா, "கூரையப் பாத்துட்டுத்தான் வாங்கறேன், எழுதிக்கங்க"ன்னு கிண்டல் பண்ணினார். அப்பாவும் சிரிச்சார்.

இப்ப பின் ரூம் வேலை முடிஞ்சு மாமா அங்க பெயிண்ட் டப்பா அடுக்கி வச்சிருக்கார். பேரன் முன் ரூம்ல படுக்கறான், பின் ரூம்ல படுக்க மாட்டேங்கறானாம் :-) கரண்ட் கனெக்‌ஷன், வீட்டு வரி பேர் மாத்தம் ரெண்டும் இழுத்துக்கிட்டே கிடக்கு, பொங்கலுக்குப் போகும்போது பாக்கணும். அம்மா தென்னைக்குப் பக்கத்துல கறிவேப்பிலைக் கன்னு வச்சிருக்காங்க. சமையல்கட்டு கண்ணாடியில ஐப்பசி மழை முடிஞ்சும் கீறல் விழல. அண்ணன் இன்னும் ஒரு கோடை பாக்கணும்னு சொல்லியிருக்கார். அப்பா தினமும் காலையில காபி குடிச்சதும் ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வர்றாராம்.